பையோடு போன விலாசம்

எனக்கு ஒரு அக்கா, ஒரு தங்கை. அக்காவுக்கு ஒரே மகள், தங்கைக்கும் ஒரே மகள். இரண்டு பெண்களுக்கும் தாய்மாமன் நான் ஒருத்தன்தான் என்பதால் அவர்களுடைய கோபதாபமெல்லாம் என் தலையில்தான் வந்து இறங்கும். இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்த மாதிரி வளர்ந்தவர்கள். பெரியவளுக்குச் சிறுத்துப்போன சட்டை சின்னவளுக்கு வரும். பெரியவள் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினால் சின்னவள் வீட்டில் உட்கார்ந்து அழுவாள்.

சின்னவளை நாங்கள் பூனை என்போம். நடந்தால் சத்தமே வராது. சமையலறையில் நிற்கிற என் தங்கை திரும்பிப் பார்த்தால் இவள் பின்னால் நிற்பாள். கையில் இருக்கிற கரண்டி கீழே விழும். படித்து, வேலைக்குப் போய், மூக்குக்கண்ணாடி போட்ட பிறகும் பூனைதான். பெரியவள் கையில் ஊசி நூல் இல்லாமல் ஒரு பொழுதும் இருக்க மாட்டாள் என்பதால் அவள் தையல்காரி ஆகிவிட்டாள். என் மனைவி காலமான பிறகு நான் தங்கை வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறேன். அதனால் இந்த விஷயத்தில் நடந்ததில் பாதியை என் கண்ணால் பார்த்தேன், மீதியைப் பூனையின் வாயால் கேட்டேன்.

தையல்காரிக்கு வாய்த்தவன் கேமரா பொருத்துகிறவன். கடைகளுக்கும் வீடுகளுக்கும் போய்த் திருட்டுப் பயத்துக்காகக் கேமரா மாட்டிக் கொடுப்பான், பழுதான கம்ப்யூட்டரையும் திறந்து பார்ப்பான். கைராசிக்காரன் என்று பெயர். பேச்சும் இனிப்பு. "மாமா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்காமல் ஒரு வாக்கியம் தொடங்க மாட்டான். கல்யாணமான புதிதில் அவன் தன் வீட்டு வாசலில் ஒரு கேமரா வைத்தான். பிறகு கூடத்தில் ஒன்று. பிறகு சமையலறையில், அடுப்பைப் பார்த்து ஒன்று. வெளியே வேலையில் இருந்துகொண்டே போனில் பார்ப்பான். இவள் ஜன்னலோரம் சற்று நேரம் நின்றால் போன் அடிக்கும். மாலையில் வந்து, எதற்காக நின்றாய் என்று கேட்பான். கேட்பது கையால்.

ஒரு நாள் அவன் யார் வீட்டுச் சுவரிலோ ஏணி போட்டு நின்ற நேரம் பார்த்து, ஒரு துணிப்பையோடு இவள் படி இறங்கிவிட்டாள். போகிறதை எல்லாக் கேமராவும் பார்த்தன. எங்கே போனாள் என்பதைச் சொல்ல அவற்றுக்கு வழியில்லை.

நகரத்தின் அந்தக் கோடியில், ஒரு சலவைக்கடைக்குப் பின்னால், மாடியில் ஒற்றை அறை. நானும் பூனையும் தேடிப் பிடித்தது. ஜன்னல் இருந்தது, அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தது. கீழே வெந்நீர் ஆவியும் சோப்பு வாசனையும் எப்போதும் மேலே ஏறி வரும். வீட்டுக்காரம்மா கண்டிப்பானவள். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரு?"

"பொண்ணுக்கு மாமா."

"எல்லாரும் மாமான்னுதான் சொல்லிட்டு வர்றாங்க," என்றாள். என் நரைத்த தலையைப் பார்த்த பிறகு, "சரி, படி வழுக்கும், பார்த்து ஏறுங்க," என்றாள்.

அவள் இருக்கிற இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, பூனைக்கு, எனக்கு. பெற்றவளுக்கே சொல்லவில்லை. என் அக்காவுக்கு மருமகன் வந்து கண்ணைக் கசக்கினால் போதும், வீட்டுச் சாவியையே எடுத்துக் கொடுத்துவிடுவாள். அவனும் வாரம் தவறாமல் வந்து கசக்கிக்கொண்டுதான் இருந்தான். "எங்க இருந்தாலும் நல்லா இருந்தா போதும் அத்தை," என்பான். போகும்போது வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான். அந்த விலாசம் அவன் கையில் சிக்கக்கூடாது. எங்கள் மூன்று பேருக்கும் விடிந்து எழுந்தால் அந்த ஒரே நினைப்பு.

பூனைக்கு வேலை ஒரு டயர் கடைக்கு மேலே. படிக்கட்டெல்லாம் ரப்பர் நெடி. இரண்டு அறை, வரிசையாக மேஜை, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர். சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இணையப் பக்கம் செய்து கொடுப்பார்கள். முதலாளி எதைக் கேட்டாலும் "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பார். பக்கத்து மேஜையில் ஒரு பையன். வயசு முப்பதுகூட ஆகவில்லை, தலை முழுக்க வெளுத்துவிட்டது. நரைமுடி என்றே அவனைக் கூப்பிடுவார்கள். விவரமானவன்.

வீட்டிலிருந்தே தைக்கிற பெண்களின் பொருளை விற்பதற்காக ஓர் அம்மா இணையக் கடை ஒன்று கேட்டு வந்தாள். நல்ல மனுஷி, வாய் ஓயாது. அந்த வேலை பூனை கைக்கு வந்தது. பூனைக்கு உடனே யார் ஞாபகம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓர் ஓய்வு நாளில் நாங்கள் இரண்டு பேரும் அந்த மாடி அறைக்குப் போயிருந்தோம். தையல்காரி இயந்திரத்தின் மிதிப்பலகையிலிருந்து காலை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தைக்கிறதுக்கு ஆள் வேணும்னு யாராவது கேட்டா சொல்லுன்னேன். போன்ல கடை விரிக்கச் சொன்னேனாடி?"

"கடை இல்லக்கா. ஒரு கட்டம். பையோட படம் இருக்கும். கீழ கிளின்னு ஒரு பேரு. அவ்வளவுதான்."

"கிளியா? பூனை வெச்ச பேரு கிளி. விளங்கிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். வீட்டை விட்டு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மூஞ்சி வராது, உன் பேரு வராது, தெரு வராது," என்றாள் பூனை. "எந்தப் பக்கம்னு மட்டும் பொத்தாம்பொதுவா இருக்கும். நகரத்துல பாதி பேரு அந்தப் பக்கம்தான் இருக்காங்க. அந்த இணையப் பக்கத்தைச் செய்யறதே நான்தான்க்கா. எனக்குத் தெரியாம அதுல ஒரு எழுத்து வராது."

தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "மாமா, நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ சொல்றான்னா சரியாத்தான் இருக்கும்," என்றேன்.

இப்போது பூனையின் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். இணையப் பக்கம் என்பது இரண்டு இடத்தில் நடக்கிற காரியமாம். ஒன்று, எங்கோ குளிர் அறையில் ஓடிக்கொண்டிருக்கிற சர்வர். இன்னொன்று, பக்கத்தைப் பார்க்கிறவர் கையில் இருக்கிற போன். ஒவ்வொரு பைக்கும் ஒரு கட்டம் என்றேனே, அந்தக் கட்டத்தைச் சர்வரில் ஓர் அச்சு வைத்து வார்க்கிறார்கள். அந்த அச்சைக் காம்போனென்ட் என்கிறார்கள். இந்தா, இவளுடைய விவரம் என்று அச்சிடம் கொடுத்தால், அது படமும் பேருமாகக் கட்டத்தை வார்த்து வெளியே தள்ளிவிடும். கட்டம் போனுக்குப் போய்ச் சேரும். போன பிறகு அதை ஆட்டி வைக்கிறது ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொன்று. விரலால் தொட்டால் நகர்வது, மேலே வருவது எல்லாம் அதன் வேலை.

கடைக்காரம்மா ஒன்று கேட்டாள். வாங்குகிறவர் திரையில் தூரத்தைக் குறிக்கிற ஒரு கோட்டை விரலால் இழுத்தால், அவருக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் தைத்த பைகள் மேலே ஏறி வர வேண்டும். முதலாளி "ரெண்டு நிமிஷம்" என்றார். பூனை நாள் கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே அதைப் பற்றிப் பேசுவாள்.

"அச்சுக்கிட்ட எல்லாத்தையும் கொடுக்கிறேன் மாமா. நகரத்துல எந்தப் பக்கம்ங்கிறதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். போன்ல ஓடறதுகிட்ட அதைக் கேட்டா, அப்படி ஒண்ணுமே இல்லைங்குது."

"குடுத்தது எங்க போச்சு?"

"எங்கயும் போகலை. சர்வர்லயே நின்னுடுது. அது வேற இடம், இது வேற இடம்."

"தைச்ச துணி வீட்டுக்கு வந்துடுச்சு, அளவுச் சீட்டு தையல் கடையிலயே கிடக்குதுங்கிற."

"அதேதான்," என்று நுரையோடு சொல்லிவிட்டு ஓடினாள்.

வழி சொன்னது நரைமுடி. அளவுச் சீட்டைத் துணியிலேயே குத்தி அனுப்பிவிட வேண்டியதுதானாம். கட்டத்தின் மேலேயே, திரையில் தெரியாத ஓர் இடத்தில், விவரத்தை எழுதி வைத்துவிட்டால் ஜாவாஸ்கிரிப்ட் அங்கே போய்ப் படித்துக்கொள்ளும். "எது வேணுமோ அதை மட்டும் குத்து," என்றும் சொல்லியிருக்கிறான். அவளும் அப்படித்தான் செய்தாள். எந்தப் பக்கம் என்பதை மட்டும் குத்தினாள். கோட்டை இழுத்தால் பை மேலே வந்தது. அன்றைக்கு எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்தாள்.

கடைக்காரம்மாவின் வாய்தான் ஓயாதே. எத்தனை நாளில் தைத்துத் தருவாள் என்று காட்டச் சொன்னாள். அதைக் குத்தினாள். மொத்தமாகத் தைப்பாளா என்று காட்டச் சொன்னாள். அதையும் குத்தினாள். பிறகு என்ன துணி, பிறகு என்ன நிறம். ஒவ்வொரு தடவையும் அச்சைத் திறந்து, ஒன்றைச் சேர்த்து, மூடி, சரிபார்த்து. முதலாளி பின்னால் வந்து நின்றுகொண்டு "இன்னுமா?" என்பார். கடைசியில் ஒரு மத்தியானம் பூனைக்கு அலுத்துவிட்டது. ஒன்றொன்றாக எதற்குக் குத்த வேண்டும், தைக்கிறவளைப் பற்றிச் சர்வரில் இருக்கிற மொத்தப் பொட்டலத்தையும் சேர்த்துக் குத்திவிட்டால், இனி எதைக் கேட்டாலும் அங்கேயே இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. அப்படியே செய்தாள். அதற்குப் பிறகு கடைக்காரம்மா கேட்டதெல்லாம் கேட்ட நாளே நடந்தது. முதலாளி அவளைப் பாராட்டினார்.

அன்றைக்கு அந்தப் பொட்டலத்தில் மறைக்க வேண்டியது ஒன்றும் கிடையாது. கிளி என்ற பேரு, நகரத்தில் எந்தப் பக்கம், துணி, நாள், இவ்வளவுதான். இதைப் பூனை எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறாள். நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டியிருக்கிறேன்.

கிளியின் பைகள் நன்றாக விற்றன. அவள் தைக்கிற பையில் கைப்பிடியின் வேரில் மிச்சத் துணியில் முக்கோணமாக ஓர் ஒட்டு இருக்கும். அழகுக்கு அழகு, கைப்பிடியும் பிய்யாது. சின்ன வயதில் பூனையின் புத்தகப் பைக்கு வைத்தது, அப்படியே பழகிவிட்டது. அறையில் துணி குவிந்தது. நாங்கள் போனால் பேச நேரமில்லை என்று விரட்டுவாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. ஆனால் ஜன்னலைத் திறக்க மாட்டாள். தைத்து முடித்த பைகளைப் பூனைதான் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கடைக்காரம்மாவிடம் சேர்ப்பாள்.

பைகள் அதிகமானதும் பூனையால் தூக்க முடியவில்லை. மற்றப் பெண்களுக்கும் அதே கஷ்டம். கடைக்காரம்மா ஒரு கூரியர்க்காரரை ஏற்பாடு செய்தாள். வீட்டு வாசலுக்கே வந்து எடுத்துக்கொண்டு போவார். அதற்கு விலாசம் வேண்டுமே. சர்வரில் ஒவ்வொருத்தி விவரத்தோடும் விலாசத்துக்கு ஓர் இடம் சேர்த்தான் நரைமுடி. அது அலுவலகத்துக்குள் மட்டும் திறக்கிற பக்கம். கடவுச்சொல் போட்டால்தான் கதவு திறக்கும். தையல்காரியின் விலாசத்தை வேறு யாரும் தொடக்கூடாது என்று பூனை தானே உட்கார்ந்து அடித்தாள். கதவு எண், சலவைக்கடைக்குப் பின்னால், மாடி, போன் எண். கூரியர்க்காரர் நினைத்த நேரத்தில் வந்து கதவைத் தட்டி அவளைப் பயமுறுத்த வேண்டாமே என்று கீழே ஒரு வரியும் சேர்த்தாள்: மாலையில் வரவும்.

அந்த விலாசம் போய் உட்கார்ந்த இடம் பழைய பொட்டலம்தான். மொத்தப் பொட்டலத்தையும் கட்டத்தில் குத்தி அனுப்பு என்று அச்சுக்கு முன்னமே சொல்லியாகிவிட்டது. அச்சு சொன்னதைச் செய்தது. பையின் படத்தை யார் யார் போனில் பார்த்தார்களோ அத்தனை பேர் கைக்கும் விலாசம் போயிற்று. திரையில் தெரியவில்லை. நரைமுடிக்கு அவள் மொத்தத்தையும் குத்தியது தெரியாது. அவளுக்கோ, பூட்டிய கதவுக்குள் அடித்தது வெளியே நடக்கும் என்று தோன்றவில்லை. பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். படம், பேரு, நிறம், எல்லாம் ஒழுங்காக இருந்தன.

தையல்காரியின் புருஷன் ஒரு கடைக்குக் கேமரா மாட்டப் போயிருக்கிறான். கடைக்காரர் மனைவியின் பை ஆணியில் தொங்கியது. கைப்பிடியின் வேரில் முக்கோண ஒட்டு. எங்கே வாங்கினது என்று இனிப்பாகக் கேட்டான். அவள் போனைத் திறந்து காட்டினாள்.

ஒரு ஓய்வு நாள் காலை வீட்டுக்காரம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "உங்க மருமகளோட வீட்டுக்காரர்னு ஒருத்தர் வந்து படியில உட்கார்ந்திருக்கார். அழுதுட்டிருக்கார். தெருவே பார்க்குது. வந்து என்னன்னு பாருங்க."

பூனையிடம் சொன்னேன். பூனை வாசலில் செருப்பைத் தேடாமலே ஓடிவந்து வாடகை வண்டியில் ஏறினாள். வழி முழுக்க, "யாரு சொன்னா மாமா, பெரியம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சா, கூரியர்க்காரர் சொல்லியிருப்பாரா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தன்னைத் தவிர உலகத்தில் எல்லார் மேலேயும் சந்தேகப்பட்டாள்.

தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தான். கண் சிவந்திருந்தது. சலவைக்கடை ஆட்கள் கையில் ஈரத்துணியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"வாங்க மாமா. சாப்பிட்டீங்களா?"

"என்ன வேணும் உங்களுக்கு?"

"என் பொண்டாட்டி வேணும். வேற என்ன கேட்கப் போறேன்?"

பூனை முன்னால் வந்தாள். "இந்த இடத்தை உங்களுக்கு யாரு சொன்னது?"

"நீதான்மா சொன்ன," என்றான்.

"நானா?"

"பொய் சொல்வேனா?" சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். "இந்தப் பக்கத்துல உங்க ஆபீஸ் பேரு இருந்துச்சு. உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இதே தொழில்ல கிடக்கிறவன், இது கூடவா தெரியாது. பாரு, கிளி. பாரு, கதவு எண். பாரு, மாடி." விரலால் தள்ளிக்கொண்டே போனான். "மாலையில் வரவும்னு போட்டிருந்த. எனக்குப் பொறுமை இல்லை, காலையிலயே வந்துட்டேன். கோவிச்சுக்காத."

பூனை அந்தப் போனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இரண்டு நொடிதான். தான் அடித்த எழுத்து அவளுக்குத் தெரியாதா. போனை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவனைத் தாண்டி மேலே ஏறினாள். நானும் பின்னால் ஏறினேன். அவன் தடுக்கவில்லை. ஒதுங்கி வழி விட்டான். "படி வழுக்கும் மாமா," என்றுகூடச் சொன்னான்.

தையல்காரி கதவுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். இயந்திரத்தில் பாதி தைத்த பை ஊசியோடு நின்றிருந்தது. பூனை அவள் எதிரே உட்கார்ந்து சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பொட்டலம், அச்சு, விலாசம், எல்லாவற்றையும் தாறுமாறாகச் சொன்னாள். தையல்காரிக்கு அதில் எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அப்ப அது எல்லார் போன்லயும் இருந்துச்சா?"

"ஆமாக்கா."

"எப்பலேருந்து?"

"கூரியர் வந்ததுலேருந்து."

தையல்காரி ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். "நான் அதைத் திறக்கவே இல்லையேடி," என்றாள். "துணி காயப்போடக்கூட மொட்டை மாடிக்குப் போகலை. இந்த அறைக்குள்ளயே கொடி கட்டிக் காயப்போட்டேன்."

பூனை அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரி பாதத்தை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பூனையின் தலையைத் தொடவும் இல்லை.

நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். போலீசுக்குப் போவோம் என்றேன். இன்றைக்கே வேறு இடம் பார்ப்போம், என் அறையில் வந்து இரு, எவன் வருகிறான் பார்ப்போம் என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க அறைக்கு அவருக்கு வழி தெரியும் மாமா."

"வேற ஊருக்குப் போயிடலாம்."

"போய்? அங்கயும் தைக்கணும். தைச்சா விக்கணும். வித்தா யாராவது பார்ப்பாங்க." முழங்காலைக் கட்டிக்கொண்டாள். "ஒரு தடவை ஓடறதுக்கு எவ்வளவு நாள் மனசைத் தேத்தினேன்னு உங்களுக்குத் தெரியாது. இன்னொரு தடவைக்கு என்கிட்ட ஒண்ணும் மிச்சம் இல்லை."

அதற்குள் வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றாள். அவன் அழுதது அவளைக் கரைத்துவிட்டிருந்தது. "நல்ல மனுஷனாத்தான் தெரியறார்மா. குடும்பம்னா ஆயிரம் இருக்கும். எப்படியானாலும் இந்த மாதிரி கூட்டம் கூடறது நமக்குச் சரிப்படாது. சாயங்காலத்துக்குள்ள ஒரு முடிவு பண்ணிக்கோங்க."

சாயங்காலம் வரை ஆகவில்லை. தையல்காரி எழுந்தாள். ஊசியிலிருந்து அந்தப் பாதிப் பையை எடுத்து, நூலை முடிந்து, மடித்து வைத்தாள். உடுப்புகளைப் பையில் போட்டாள். கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மேலே வைத்தாள். போகும்போது பூனையைப் பார்த்து, "அந்தக் கட்டத்தை எடுத்துடு," என்றாள். "மத்தப் பொண்ணுங்களோடதும் அப்படித்தான் இருக்குமா?"

"இருக்கும்க்கா."

"அதை முதல்ல சரி பண்ணு."

அவள் படி இறங்கியபோது அவன் பையை வாங்கிக்கொண்டான். தெரு பார்க்க, அவள் தலையை ஒரு முறை தடவிக் கொடுத்தான். அவள் அப்போது தோளை ஒடுக்கியதை நான் பார்த்தேன். தெருவும் பார்த்திருக்கும். எல்லாரும் ஒதுங்கி வழி விட்டார்கள். நானும்தான்.

பூனை அன்றைக்கே வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். தூரத்தைச் சர்வரிலேயே கணக்குப் பார்த்து, அந்த ஓர் எண்ணையும், நாள், துணி, நிறம் என்று கடைக்காரம்மா கேட்டவற்றையும் மட்டும் கட்டத்தில் குத்தி அனுப்பினாள். மற்றதெல்லாம் சர்வரிலேயே நின்றது. பிறகு கிளியின் கட்டத்தை எடுத்தாள். என் தங்கை காப்பி கலந்து கொண்டுவந்து வைப்பதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது. "இவ்வளவுதான் மாமா," என்றாள். காப்பி ஆடை கட்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கடைக்காரம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னாள். ஒவ்வொரு பெண்ணுக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லும் வேலையைப் பூனை தானே எடுத்துக்கொண்டாள். சிலர் திட்டினார்கள். பலர் "அதனால என்னம்மா, யாரு வரப் போறாங்க எங்களைத் தேடி," என்று சிரித்தார்கள். முதலாளி, "எல்லாருக்கும் நடக்கிறதுதான்மா, இனிமே பார்த்துக்கோ," என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூட அவளுக்கு ஏதோ ஓர் ஆறுதல் இருந்திருக்கும். நரைமுடி மட்டும் அவள் மேஜைக்கு வந்து, "விலாசத்தைச் சேர்த்தது நான்தானே," என்றான். "அடிச்சது நான்," என்றாள் அவள். அவன் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய்விட்டான்.

இன்னும் அதே வேலைக்குத்தான் போகிறாள். எல்லாவற்றையும் ஒன்றுக்கு நாலு தடவை சரிபார்க்கிறாளாம், அதனால் வேலை மந்தமாகிவிட்டது, முதலாளி முணுமுணுக்கிறார். வீட்டில் பேச்சே இல்லை. முன்பு சத்தமில்லாமல் வந்து நின்றால் என் தங்கை பயப்படுவாள். இப்போது அவள் அறையிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று இருக்கிறாள். என் தங்கைக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. அக்காவுக்கோ மகள் புருஷனோடு சேர்ந்துவிட்டாள் என்று ஒரே சந்தோஷம். "உங்க ரெண்டு பேராலயும்தான் நல்லது நடந்துச்சு," என்று எங்களிடமே சொன்னாள்.

பூனை போன் போட்டால் அவன்தான் எடுப்பான். "குளிக்கிறாம்மா," என்பான், "தூங்கறாம்மா," என்பான். நான் தாய்மாமன் என்பதால் நேரில் போக எனக்குத் தடையில்லை. மாதத்தில் ஒரு நாள் போவேன். தையல்காரி காப்பி கொண்டுவந்து வைப்பாள். "நல்லா இருக்கேன் மாமா," என்பாள். அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எனக்கு விசிறியைத் திருப்பி வைப்பான். தையல் இயந்திரம் அந்த வீட்டில் இல்லை. கைக்கு வேலை எதற்கு, நான்தான் சம்பாதிக்கிறேனே என்று சொல்லிவிட்டானாம். மணிக்கட்டுவரை மூடிய சட்டைதான் போடுகிறாள், எந்த வெயிலிலும்.

போன மாதம் நான் கிளம்பும்போது அவன் உள்ளே எதையோ எடுக்கப் போனான். அந்த இடைவெளியில் அவள் என் செருப்பை நகர்த்திவைக்கிற மாதிரி குனிந்தாள்.

"பூனை ஒழுங்கா சாப்பிடறாளா மாமா?"

"சாப்பிடறா," என்றேன். பொய்தான்.

"சாப்பிடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து பூனையிடம் அதை அப்படியே சொன்னேன். நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் தட்டில் இருந்ததை ஒரு வாய் எடுத்தாள், மென்றாள், விழுங்கினாள். இன்னொரு வாய் எடுத்தாள். தட்டு காலியாகும்வரை யாரையும் பார்க்காமல் சாப்பிட்டாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. "தண்ணி வீணாப் போகுதுடி," என்று என் தங்கை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.